ஓர வரிசைப் புல்

செரண்டாவில் நான் வேலை செய்யும் தொழிற்சாலை கேண்டீனில் போன மாதத்திலிருந்து சோற்றுத் தட்டை மாற்றிவிட்டார்கள். பிளாஸ்டிக் தட்டு போய், மண் நிறத்தில் கொஞ்சம் சொரசொரப்பாக ஒரு தட்டு வந்திருக்கிறது. புல்லால் செய்தது என்று அடியில் அச்சடித்திருக்கிறார்கள். கூட வேலை செய்யும் பிள்ளைகள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஆண்ட்டி, சோத்தோட தட்டையும் சேத்துச் சாப்பிடலாம் போலலா" என்று சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சோற்றை என் வீட்டு டிபன் மூடியில் கொட்டிக்கொண்டு தட்டைத் தள்ளி வைத்தேன். புல்லின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. இரண்டு வருஷம் அதைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டவளே நான்தான். ஆனால் அதைப் பார்த்தால் ஒருவன் முகம் ஞாபகத்துக்கு வருகிறது. பிறகு சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

அந்தப் புல்லுக்கு மிஸ்காந்தஸ் என்று பெயர். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யார் வாயிலும் அது நுழையவில்லை. லாலான் களைப்புல்லுக்கு அண்ணன் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார்கள்.

கோலசிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் நாங்கள் இருந்தோம். மின்மினி பார்க்க கம்போங் குவாந்தானுக்குப் போகிற பஸ்கள் எங்கள் தோட்டத்து முகப்பைத் தாண்டித்தான் போகும், ஒன்றும் நிற்காது. ஒரு காலத்தில் லயம் நிறைய நம் ஆட்கள். நான் சொல்லும் சமயத்தில் தமிழ்க் குடும்பங்கள் ஒன்பதுதான் மிச்சம், மற்ற வீடுகளில் வங்காளதேசத்துப் பையன்கள். லயத்துக்குப் பின்னால், தண்ணீர் வடிகிற பெரிய பாரிட் வரைக்கும் ஒரு நிலம் இருந்தது. வயசாகிப்போன செம்பனைகளைச் சாய்த்துவிட்டு, மறுநடவு செய்யாமல் சும்மா போட்டிருந்தார்கள். எங்கள் மாடுகள் அங்கேதான் மேய்ந்தன.

என்னிடம் ஒரு சிவப்புப் பசுவும் ஒரு கன்றும் இருந்தன. பக்கத்து வீட்டுக்காரியிடம் நாலு. அவளும் நானும் ஒரே வருஷம் கல்யாணமாகி அந்த லயத்துக்கு வந்தவர்கள், பிறகு ஒன்றிரண்டு வருஷ வித்தியாசத்தில் இரண்டு பேருமே தாலியை இழந்தவர்கள். எங்கள் இரண்டு அடுப்படிக்கும் நடுவில் இருந்தது ஒரு பலகைச் சுவர். அவள் தும்மினால் நான் இங்கிருந்து "நூறாயிசு" என்பேன். எனக்காவது வெளிக்காட்டு வேலை இருந்தது, ராவாங்கில் வேலைக்குப் போகிற மகள் இருந்தாள். அவளுக்கு அந்த நாலு மாடுதான். கோயிலுக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் பால் ஊற்றித்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தாள்.

ஒரு நாள் காலை, பேர் கூப்பிடுகிற பெரட்டில் மேனேஜர் வந்து நின்றார். பின் நிலத்தில் ஒரு மூலையை யூனிவர்சிட்டிக்குக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். களைத்துப்போன செம்பனை நிலத்தில், உரமே போடாமல் இந்தப் புல் வளருமா என்று இரண்டு வருஷம் பார்க்கப் போகிறார்களாம். வளர்ந்தால் பாரிட் வரைக்கும் இதையே நடுவார்களாம். காய வைத்து பாய்லரில் எரிக்கலாம், நசுக்கிப் பலகை செய்யலாம், தட்டு செய்யலாம் என்று கையை விரித்து விரித்துச் சொன்னார். வளராவிட்டால் நிலம் இப்படியே கிடக்கும், மாடுகள் மேயட்டும் என்றார்.

ஆக, புல் வளர்ந்தால் எங்கள் மாடுகளுக்கு இடமில்லை, வளராவிட்டால் உண்டு. ஒளிவு மறைவு இல்லாத பேச்சு. இதில் வேடிக்கை என்னவென்றால், புல்லைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்று அவர் கேட்டபோது முதலில் கையைத் தூக்கியவள் நான்.

இருபது வருஷமாக முதுகில் பம்பு மாட்டி மருந்து அடித்தவளுக்கு, கையில் நோட்டுப் புத்தகத்தோடு நிற்கிற வேலை என்றால் ஆசை வராதா? வந்தது. அதோடு, ஆராய்ச்சிக்கு வந்தவன் நம் பிள்ளை. இரண்டு தோட்டம் தள்ளி ஒரு லயத்தில் பிறந்தவன், டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தான், முப்பது வயசிருக்கும். அவன் அம்மாவும் என்னைப் போலவே மருந்து அடித்தவர். அப்போதெல்லாம் நான் அவனைத் தம்பி என்றும், பிறரிடம் பேசும்போது அவர், இவர் என்றும்தான் சொல்வேன். இப்போது எழுதும்போது அவன் என்றுதான் வருகிறது. வரட்டும்.

முதல் நாளே அவனிடம் கேட்டுவிட்டேன்.

"தம்பி, இது நல்லா வந்துருச்சின்னா எங்க மாடுங்க எங்க போவும்?"

"பயப்படாதீங்கக்கா. நல்லா வந்தாலும் பாதி நெலத்த மேய்ச்சலுக்கு உடணும்னு ரிப்போர்ட்ல நானே எழுதுவேன். எங்கம்மாவும் மாடு வச்சிருந்தவங்கதான்லா."

அன்று சாயங்காலமே இதைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒலிபரப்பினேன். பக்கத்து வீட்டுக்காரி, "ஒன் தம்பி எழுதுவான், தொரை படிப்பானா?" என்று கேட்டாள். அவளுக்கு எப்போதும் இப்படி ஒரு குத்தல் உண்டு. நம்ப மாட்டேன் என்கிறாளே என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

நட்டதெல்லாம் கிழங்குத் துண்டுகள். பார்க்க இஞ்சி மாதிரி இருந்தன. மிஸ்காந்தஸில் மூன்று வகை, ஒப்பிட்டுப் பார்க்க நம் ரும்புட் காஜா என்கிற யானைப்புல், மொத்தம் பன்னிரண்டு பாத்திகள். எந்தப் பாத்தியில் எது என்று குச்சி நட்டுப் பெயர் எழுதி வைத்தோம். வாரா வாரம் உயரம் அளப்பேன், குருத்து எண்ணுவேன், தண்டின் கனத்தை இடுக்கி மாதிரி ஒரு கருவியால் பிடித்துப் பார்ப்பேன். அந்தப் புல்லின் ஓரம் ரம்பம். கைகளில் கீறல் இல்லாத நாள் கிடையாது. ஆனாலும் பிடித்திருந்தது. ஐந்தாம் பாரம் வரைக்கும் படித்த படிப்புக்கு அதுவரை யாரும் வேலை கொடுத்ததில்லை. என் எழுத்தைப் பார்த்து, "எங்க லேப்ல இருக்கறவங்க எழுத்து இவ்வளவு சுத்தமா இல்லக்கா" என்றான் அவன். நான் குளிர்ந்து போனேன். மதியம் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவான். நெத்திலி சம்பல் என்றால் உயிர்.

ஒவ்வொரு பாத்தியைச் சுற்றியும் ஓரத்தில் ஒரு வரிசை இருக்கும். வெயிலும் காற்றும் ஓரத்துக்கு அதிகமாகக் கிடைக்கும், அதனால் ஓர வரிசையை எடை போட்டால் கணக்குக் கெட்டுவிடும், உள்ளே இருப்பதை மட்டும்தான் எடை போடுவோம் என்று அவன் விளக்கினான்.

"அப்ப ஓரத்துல உள்ளத என்னா பண்ணுவீங்க?"

"ஒண்ணும் பண்ண மாட்டோம்கா. வெட்டிப் போட்ருவோம்."

"மாட்டுக்கு எடுத்துக்கட்டா?"

கொஞ்சம் யோசித்தான். "ஓரத்துல மட்டும் எடுத்துக்கிங்க. உள்ள தொட்றாதீங்க."

நான் உள்ளே தொடவில்லை, சத்தியமாக. ஓரத்தில் இளசாக இருப்பதை மட்டும் சாயங்காலம் அறுத்துக் கட்டி எடுத்துப் போவேன். என் பசுவுக்கும் பக்கத்து வீட்டு மாடுகளுக்கும் பங்கு வைப்பேன். அந்த நாலில் ஒரு கருப்புப் பசு மகா முரடு, அதன் சொந்தக்காரியையே உதைக்கும். அது இந்தப் புல்லுக்காக என் சத்தம் கேட்டாலே தலையை ஆட்டிக்கொண்டு வந்துவிடும்.

மாடு வைத்திருப்பவர்களுக்கு எங்கள் லயத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஓரிடத்தில் புல் அறுத்தால், அந்த இடத்துக்குச் சாணத்தைத் திருப்பிக் கொண்டுபோய்ப் போட வேண்டும். பள்ளிக்கூடத் திடல் ஓரமாக இருந்தாலும் சரி, கோயிலுக்குப் பின்னால் என்றாலும் சரி. போடாதவளைப் பார்த்து, "எடுக்க மட்டும் தெரியுது" என்று முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். அதில் யோசிப்பதற்கு ஒன்றுமில்லை, கை தானாகப் போகும். நானும் போட்டேன். வாளியில் சாணத்தைக் கரைத்து, அறுத்த ஓரத்தில் ஊற்றி, ஆராய்ச்சி பார்க்க வருகிற பெரிய மனிதர்களுக்கு நாறக் கூடாதே என்று மண்ணையும் தள்ளி மூடினேன். அந்தச் சுத்தம் வேறு. வாரத்துக்கு மூன்று நாள், ஒரு வருஷத்துக்கு மேல்.

உரம் போடக் கூடாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். பெரட்டில் சொன்னார்கள், அவன் சொன்னான், பலகையிலும் எழுதியிருந்தது. ஆனால் தோட்டத்தில் வளர்ந்தவளுக்கு உரம் என்றால் ஸ்டோரில் மூட்டையாக அடுக்கியிருப்பது, கணக்குப் பார்க்கிற கிராணி கையெழுத்துப் போட்டு எடுத்துத் தருவது, லோரியில் வருவது. சாணம் சாணம்தான். அது வாசலில் கிடப்பது. அதையும் உரத்தையும் என் மண்டை ஒரு தடவைகூடச் சேர்த்துப் பார்க்கவில்லை. இதைச் சொன்னால் கேண்டீன் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். எனக்கே இப்போது நம்ப முடியவில்லை.

இரண்டாம் வருஷம் புல் என் தலைக்கு மேல் போய்விட்டது. கரும்பச்சை. பாத்திக்குள் நுழைந்தால் வெளியே நிற்பவர்களுக்கு ஆள் தெரியாது. யூனிவர்சிட்டியிலிருந்து ஒரு கூட்டம் பார்க்க வந்தது, மேனேஜரும் கூட வந்தார். அவன் பாத்தி ஓரத்தில் நின்று மலாயில் விளக்கினான். இந்த நிலம் செத்த நிலம், இதில் ஒரு பிடி உரம்கூடப் போடவில்லை, எல்லாம் இந்தப் புல்லே தனக்குத் தேடிக்கொண்டது என்றான். எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். வந்தவர்களில் ஒரு அம்மாள் குனிந்து மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்து, எவ்வளவு கருப்பாக இருக்கிறது என்றார்.

தண்ணீர் போத்தல்களைத் தூக்கிக்கொண்டு நான் அவர் பின்னால் நின்றிருந்தேன். அவர் கையில் இருந்தது என் பசுவின் சாணம். ஓரத்தில் ஊற்றியது மழைத் தண்ணீரோடு உள் வரிசை வரைக்கும் இறங்கியிருக்கிறது.

மூன்று நாள் சோறு தண்ணீர் சரியில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் புல் ஜெயித்துவிடும், நிலம் போய்விடும். சொன்னால் நிலம் தப்பிக்கும், ஆனால் அவன் படிப்பு என்னாகும்? அவன் அம்மாவை நான் பார்த்ததில்லை, இருந்தாலும் மருந்துப் பம்போடு நிற்கிற ஒரு பொம்பளை என் கண் முன்னால் வந்து வந்து போனாள். நாலாம் நாள் மனசைத் திடப்படுத்திக்கொண்டு கிளம்பினேன். அவன் பாரிட் பக்கத்துக் கொட்டகையில் இருந்தான். லயத்திலிருந்து நிலம் முழுவதையும் குறுக்கே நடந்துதான் அங்கே போக வேண்டும். மதிய வெயிலில் நடந்தேன்.

சொல்லி முடித்தேன். அழுதேன் என்றும் சொல்ல வேண்டும். அவன் பேப்பர் பைகளில் போட்டு வைத்திருந்த புல் மாதிரிகளை ஒவ்வொன்றாக எடுத்து நேராக அடுக்கினான். பிறகு கேட்டான்.

"யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல தம்பி. மொத மொத ஒங்ககிட்டதான்."

"சரி. எந்தெந்தப் பாத்தி, எந்த மாசத்துலேருந்து, எத்தன வாளின்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. நான் கணக்குல திருத்திக்கறேன். இத யாருகிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காதீங்க. மேனேஜர் காதுக்குப் போச்சின்னா ஒங்களதான் தூக்குவாரு."

எழுதினேன். அவன் மெச்சிய அதே சுத்தமான எழுத்தில், ஒரு பாத்தி விடாமல். அடியில், நான் தெரியாமல் செய்தது இது, என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தேதி போடவில்லை. அவன் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

பாரம் இறங்கியது என்று சொல்வார்களே, அப்படித்தான் இருந்தது. மறுநாள் அவன் சாப்பிட வந்தான், இரண்டாம் தடவையும் சோறு வாங்கிச் சாப்பிட்டான். நான் பாவி, அப்பளம் வேறு பொரித்துப் போட்டேன்.

அன்றிலிருந்து சாணம் போடுவதை நிறுத்தினேன், ஓரம் அறுப்பதையும் நிறுத்தினேன். பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள், "என்னாடி, ஒன் புல்லு இப்ப வர்றதில்ல? கருப்பி வாசலையே பாத்துக்கிட்டு நிக்குது." அறுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்றேன். அவளிடம் இவ்வளவையும் கொட்டிவிடலாம் என்று எத்தனையோ தடவை வாய் வரைக்கும் வந்தது. வெட்கம் ஒரு பக்கம். படித்தவன் திருத்திக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டானே, பிறகு என்ன என்பது இன்னொரு பக்கம். அவள் கேட்கும்போதெல்லாம், "ஒண்ணும் ஆவாது, நெலம் நம்மளுக்குத்தான்" என்றேன். எதை வைத்துச் சொன்னேன்? அவன் சட்டைப் பையை வைத்துத்தான்.

கடைசி அறுவடை முடிந்து, எடை போட்டு, காய வைத்து, எல்லாம் ஆன பிறகு கோயில் பக்கத்து மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். வெள்ளைத் துணியில் படம் காட்டினான். மிஸ்காந்தஸில் ஒரு வகைக்கு மட்டும் கட்டம் மற்றதையெல்லாம் தாண்டி மேலே நின்றது. உரம் இல்லாமல் என்று அதன் மேலே சிவப்பில் எழுதியிருந்தது. நான் திருத்தம் வரும் வரும் என்று அடுத்த படத்தைப் பார்த்தேன், அதற்கடுத்த படத்தைப் பார்த்தேன். பாய்லர் வந்தது, பலகை வந்தது, தட்டு வந்தது. பாதி நிலம் மேய்ச்சலுக்கு என்பதும் வரவில்லை. கடைசியில் நன்றி என்று மூன்று மொழியில் வந்தது. அந்த நேரம் முழுவதும் அவன் என் பக்கம் திரும்பவே இல்லை.

மேனேஜர் எழுந்து, தீபாவளிக்குப் பிறகு நிலம் முழுவதையும் உழப் போகிறோம், மாடுகளுக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள் என்றார்.

அவன் காருக்குப் பின்னாலேயே ஓடினேன்.

"தம்பி, திருத்தறேன்னு சொன்னீங்களே?"

கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பேசினான். "இப்ப போயி திருத்துனா மறுபடியும் மொதல்லேருந்து நடணும்கா. எனக்கு டைம் இல்ல, ஸ்காலர்ஷிப் முடியுது. கொஞ்சம் சாணந்தானே, அது ஒண்ணும் பண்ணாது."

"ஒண்ணும் பண்ணாதுன்னா எதுக்கு எழுதி வாங்குனீங்க?"

அவன் காருக்குள் ஏறி உட்கார்ந்தான். "நீங்க இத இப்ப வெளிய சொன்னா பழி ஒங்க மேலதான்கா வரும். ஒங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்," என்றான். அக்கா, அக்கா என்று எவ்வளவு பாசமாகத்தான் பயமுறுத்தினான்!

நான் பயந்துவிட்டேன். அதைத் திரும்பத் திரும்ப எப்படி மாற்றி எழுதினாலும் அதுதான் நடந்தது. வேலை போய்விடும், லயத்து வீடும் போய்விடும், மற்ற எட்டுக் குடும்பமும் என்னைக் காறித் துப்பும் என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

என் பசுவையும் கன்றையும் சுங்கை சோ பக்கம் ஒருவர் வாங்கிப்போனார். பக்கத்து வீட்டுக்காரியின் நாலையும் ஏற்றிக்கொள்ள ஒரு லோரி வந்தது. மாட்டை விற்றால் கட்டியிருந்த கயிற்றை மட்டும் சேர்த்துக் கொடுக்க மாட்டோம். வாங்க வருகிறவர் தன் கயிற்றைக் கொண்டுவந்து மாற்றிக்கொள்ள வேண்டும், பழைய கயிறு வீட்டில் தங்க வேண்டும். மூன்று மாடுகள் பேசாமல் மாற்ற விட்டன. கருப்பி ஒருவரையும் கிட்டே சேர்க்கவில்லை. அவள் போனாள், உதைத்தது. லோரிக்காரர் போனார், முட்ட வந்தது. அவள் என்னைப் பார்த்து, "நீ போயி மாத்துடி, நீ சொன்னா அது கேக்கும்" என்றாள். போனேன். கழுத்தைத் தடவிக்கொடுத்தேன். புல் கொண்டு வந்திருக்கிறேன் என்று நினைத்து என் கையை நக்கியது. பழைய கயிற்றை அவிழ்த்துப் புதுக் கயிற்றைக் கட்டி, லோரி வரைக்கும் நானே நடத்திக் கூட்டிப்போய் ஏற்றிவிட்டேன். நாலு பழைய கயிற்றையும் அவள் வாசல் ஆணியில் மாட்டினாள். "கண்ணு முன்னாலேயே இருக்கட்டும்" என்றாள். அன்றைக்கும் நான் சொல்லவில்லை.

நிலம் முழுவதும் நட்டார்கள். இந்தத் தடவை உண்மையாகவே ஒரு பிடி உரம் இல்லை. ஒரு வருஷம் போனது, புல் இடுப்புக்குக்கூட வரவில்லை. வெளிறிப்போய், நடுவில் லாலான் புகுந்து, எது நட்டது எது தானாக வந்தது என்று தெரியாமல் கிடந்தது. மேனேஜருக்கு மேலே இருந்து நெருக்கடி. அவனைக் கூப்பிட்டார்கள். அதற்குள் அவன் டாக்டர் ஆகி ஏதோ ஒரு கம்பெனியில் நல்ல வேலையில் இருந்தான்.

தோட்டத்து ஆபீஸ் வாசலுக்கு என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். ஏன் என்று தெரியாமல் பக்கத்து வீட்டுக்காரியும் துணைக்கு வந்தாள். அவன் என்னைப் பார்த்து, "நல்லா இருக்கீங்களா அக்கா?" என்று கேட்டுவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேனேஜரிடம் கொடுத்தான். நாலாக மடித்த தாள். என் சுத்தமான எழுத்து.

பரிசோதனைப் பாத்திகளில் வேலைக்கு இருந்தவர் தனக்குத் தெரியாமல் சாணம் போட்டிருக்கிறார், அதனால்தான் அப்போது அப்படி வளர்ந்தது, அவரே எழுதிக் கொடுத்த வாக்குமூலம் இது, போன வாரம்தான் தன் கைக்கு வந்தது என்று மலாயில் சொன்னான். குரல் ஒரு இடத்தில்கூட நடுங்கவில்லை.

"போன வாரமா?" நான் கத்தினேன். "தம்பி, கொட்டாயில ஒக்காந்து எழுதிக் குடுத்தேனே! நீங்கதானே யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னு சொன்னீங்க!"

அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "எப்ப அக்கா?" என்றான்.

எப்ப அக்கா. அவ்வளவுதான். நெத்திலி சம்பல் சாப்பிட்ட வாய். மேனேஜர் தாளைத் திருப்பிப் பார்த்தார், தேதி தேடினார், இல்லை. நான் என்னென்னவோ சொன்னேன், அழுகையில் பாதி எனக்கே புரியவில்லை. அவர் கையைக் காட்டி, போதும், வீட்டுக்குப் போ என்றார். என்னை அவ்வளவு நம்ப வைத்துவிட்டு இப்படி நடுவாசலில் நிறுத்துவான் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. இன்றைக்கும் நினைத்தால் நெஞ்சு எரிகிறது.

லயத்துக்குத் திரும்பி நடந்தோம். பக்கத்து வீட்டுக்காரி ஒரு எட்டு முன்னால் போனாள். கோயில் தாண்டியதும் திரும்பாமலே பேசினாள்.

"அவன் பொய் சொல்றான்னு எனக்குத் தெரியுதுடி. நீ சொல்லியிருப்ப. ஒனக்கு மனசுல வச்சிக்க வராது."

எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. ஒருத்தியாவது நம்புகிறாளே. "சொன்னேன்டி. கும்புட்ட சாமி மேல சத்தியமா சொன்னேன்," என்றேன்.

"எப்ப சொன்ன? நெலத்த எடுக்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி."

அவள் நின்றாள். அப்போதுதான் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்ப மாட்ட ஏத்துறப்ப ஒனக்குத் தெரியும்."

நான் அவளைத் தாண்டி நடக்கப் பார்த்தேன்.

"கயிறு மாத்துனது நீதான்டி," என்றாள். அவள் குரல் உயரவில்லை. வீட்டுக்குள் போய்விட்டாள். வாசல் ஆணியில் நாலு கயிறும் தொங்கிக்கொண்டிருந்தன.

அவனிடம் சொல்ல நான் அவ்வளவு நிலத்தையும் வெயிலில் நடந்து கடந்தேன். இவளிடம் சொல்ல எழுந்து நிற்கக்கூட வேண்டியதில்லை. அன்றைக்கு அடுப்படியில் உட்கார்ந்து, "ஒங்கிட்டதான் மொத சொல்லியிருக்கணும்" என்று நடுவில் இருந்த பலகைச் சுவரைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னேன். அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கழுவ ஆரம்பித்தாள்.